காவல் ஏறிய கப்பல்

ஒரு வீட்டில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் இங்கிலீஷ் தெரிந்திருப்பது அந்த வீட்டுக்கு ஆபத்து. யாருக்குமே தெரியாவிட்டால் நாலு இடத்தில் விசாரிப்பார்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தால் ஒருவர் உளறுவதை இன்னொருவர் திருத்திவிடுவார். ஒரே ஒருவர் என்றால் அவர் வாயில் வருவதுதான் சட்டம். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டுச் சாயல்குடியில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தேன். (கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பதை விட, மவுஸ் காணாமல் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கிய வேலை.)

எங்கள் ஊர் சாயல்குடியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கடல் ஒன்றும் தூரமில்லை. ஆனாலும் நாங்கள் மிளகாய் போடுகிற சனம், எங்கள் பார்வையெல்லாம் வானத்தில்தான். கடல் என்பது காலையில் மீன்காரர் வண்டிச் சத்தத்தோடு வாசலுக்கு வந்து போகிற ஒன்று, அவ்வளவே. அப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து என் தம்பி முத்துப்பாண்டி கப்பல் வேலைக்குக் கிளம்பினான். சரக்குக் கப்பலில், இஞ்சின் அறையில் எண்ணெய் துடைக்கிற வேலை. அய்யாவுக்கு (எங்கள் பக்கம் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம்) துளியும் இஷ்டமில்லை.

"தண்ணியில்லாத ஊர்ல பொறந்த பயலுக்குத் தண்ணிக்குள்ள என்னலே சோலி?" என்று சாப்பிடும்போதெல்லாம் கேட்டார்.

அவரைச் சரிக்கட்டியது நான். "இப்பெல்லாம் சாட்டிலைட் இருக்குய்யா. கப்பல் உலகத்துல எந்த மூலைக்குப் போனாலும் நம்ம போன்லயே பாக்கலாம். தம்பி நம்ம கண்ணு முன்னாடிதான் இருப்பான்" என்று அடித்துச் சொன்னேன். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் அவர் தலையாட்டினார். ஆக, அவன் எங்கே இருக்கிறான் என்று சொல்ல வேண்டியது அன்று முதல் என் கடமை ஆகிவிட்டது.

கப்பலின் பெயர் மரியானா. அய்யாவின் வாயில் அது முதல் நாளே மாரியாத்தா ஆனது. "மாரியாத்தா இப்ப எங்கன நிக்கிது?" என்பார். அம்மாவுக்கு இதில் பெரிய நிம்மதி. ஆத்தா பெயர் வைத்த கப்பலுக்கு ஒன்றும் ஆகாது என்று பக்கத்து வீடுகளில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் பள்ளிக்கூட வேனிலிருந்து நான் இறங்கும்போதே வாசலில் கூட்டம் தயாராக இருக்கும். அய்யா, அம்மா, சித்தப்பா. சித்தப்பா அய்யாவின் தம்பி. பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருப்பவர். தினசரிப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து டெண்டர் விளம்பரம் வரை படித்து முடித்த பிறகுதான் பால் சட்டியையே அடுப்பில் ஏற்றுவார். உலக விவகாரம் அத்தனையும் அத்துப்படி, தமிழில் வந்த அளவுக்கு.

நான் போனைத் திறப்பேன். நீல நிறத்தில் கடல், அதன் மேல் பச்சையாக ஒரு சின்ன அம்புக்குறி. அதைத் தொட்டால் கப்பலின் பெயர், வேகம், போகும் இடம் எல்லாம் வரும். கரையோரத்தில் இருக்கிற வரை கரையிலுள்ள ஆண்டெனாக்கள் பிடித்துக் காட்டும், நடுக்கடலுக்குப் போய்விட்டால் சாட்டிலைட்தான் கதி, அதற்குத் தனியாகச் சந்தா கட்ட வேண்டும். அய்யா மறுபேச்சில்லாமல் கட்டச் சொன்னார். நானும் உள்ளதிலேயே மலிவான சந்தாவாகப் பார்த்துக் கட்டினேன். (இந்த 'மலிவான' என்ற சொல்லை ஞாபகத்தில் வைத்திருந்தால் நான் பின்னால் பட்ட பாட்டில் பாதி மிச்சமாகியிருக்கும்.)

செய்தி வாசிக்கிற சுகம் இருக்கிறதே, அது ஒரு போதை. அம்புக்குறி என்ன சொல்கிறதோ அதோடு நிறுத்தாமல் என் கைச்சரக்கையும் சேர்த்துக்கொள்வேன். "சூயஸ் கால்வாயத் தாண்டிட்டான்யா. அங்கன நல்ல குளிர்ந்த காத்து" என்பேன். அங்கே காற்று எப்படி என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அய்யா தோள் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார், அவருக்கே குளிர்கிற மாதிரி.

சாட்டிலைட் மேலே இருந்து 'பார்க்கிறது' என்று நான் சொல்லிவைத்ததில் இன்னொரு வினையும் வந்தது. ஒரு நாள் மேற்கே இருட்டிக்கொண்டு மேகம் ஏறியது. ஊரே சந்தோஷமாக அண்ணாந்து பார்க்க, அய்யா மட்டும் முகம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு, "மேகம் மறைச்சா அது எப்பிடித்தா தம்பியப் பாக்கும்?" என்றார். ராமநாதபுரம் மாவட்டத்தில் மழைமேகத்தைப் பார்த்துக் கவலைப்பட்ட ஒரே விவசாயி எங்கள் அய்யாவாகத்தான் இருப்பார். அது ரேடியோ அலை, மேகத்தைத் துளைத்துக்கொண்டு போகும் என்று நான் விளக்கினேன். அவர் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அது கேமரா வைத்துப் பார்ப்பதாகத்தான் அடிமனதில் ஒரு நினைப்பு.

அது ஒரு சனிக்கிழமை. கப்பல் செங்கடலில் தெற்கே இறங்கிக்கொண்டிருந்தது, குஜராத் பக்கம் ஒரு துறைமுகத்துக்கு. டீயை உறிஞ்சிக்கொண்டே அம்புக்குறியைத் தொட்டேன். 'போகும் இடம்' என்ற கட்டத்தில் துறைமுகத்தின் பெயரைக் காணோம். அந்த இடத்தில் 'ஆர்ம்டு கார்ட்ஸ் ஆன் போர்டு' என்று எழுதியிருந்தது.

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"என்னத்தா போட்டுருக்கு?" என்றார் அய்யா.

எல்லோரும் என் வாயைப் பார்க்கிறார்கள். பொய் சொல்லிச் சமாளிக்கிற அளவுக்குக்கூட மூளை ஓடவில்லை. சொல்லுக்குச் சொல் அப்படியே தமிழாக்கினேன்: "கப்பல்ல... ஆயுதத்தோட காவல்னு போட்டுருக்குய்யா."

இங்கே எங்கள் கடற்கரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ராமேஸ்வரம் பக்கத்துப் படகுகளை எல்லை தாண்டியதாகச் சொல்லிப் பிடித்துக்கொண்டு போவதும், பிறகு 'காவல் நீட்டிப்பு' என்று அதே செய்தி திரும்பத் திரும்ப வருவதும் எங்கள் பேப்பரில் பஞ்சாங்கம் மாதிரி. கடல், காவல் என்ற இரண்டு சொல்லும் ஒரே வாக்கியத்தில் வந்தால் எங்கள் மாவட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வேறு ஊர்க்காரர் யாராவது அங்கே உட்கார்ந்திருந்தால் 'பாதுகாப்பு' என்று எடுத்துக்கொண்டு மிச்ச டீயைக் குடித்திருப்பார். அங்கே உட்கார்ந்திருந்தது சித்தப்பா.

"அய்யய்யோ, காவல்ல எடுத்துட்டாய்ங்களா!" என்று எழுந்தே விட்டார்.

"யாரு? எந்த நாட்டுக்காரன்?" அம்மா என் கையைப் பிடித்தாள்.

"செங்கடல்னா கொள்ளைக்காரய்ங்கதான். துப்பாக்கியோட ஏணி போட்டு ஏறுவாய்ங்க. பேப்பர்ல படிச்சேன்" என்றார் சித்தப்பா.

நான் அப்போதாவது நிதானமாக இன்னொரு முறை படித்திருக்கலாம். படித்தேன். ஆனால் பயம் வந்த பிறகு படித்தேன், அதுதான் கோளாறு. 'கார்டு' என்றால் எனக்குத் தெரிந்தவர் பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டுத் தூங்குகிற பெரியவர். அவர் கையில் துப்பாக்கியோடு நடுக்கடலுக்கு எப்படிப் போவார்? அப்படியானால் இவர்கள் வேறு ஆட்கள். பிடித்துவைத்த ஆட்களின் தலைமாட்டில் துப்பாக்கியோடு காவல் நிற்கிறவர்கள். துறைமுகத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இவர்கள் நிற்கிறார்கள் என்றால், கப்பல் இனி எந்தத் துறைமுகத்துக்கும் போகப் போவதில்லை என்றுதானே அர்த்தம்? சாட்டிலைட் மேலிருந்து துப்பாக்கிகளைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய் எழுதியிருக்கிறது! என் மொழிபெயர்ப்பை மற்றவர்களுக்கு முன்னால் நம்பியது நான்தான்.

மறுபடியும் தொட்டேன். அம்புக்குறி நகரவில்லை. பச்சை நிறம் சாம்பல் நிறமாகி, 'தகவல் இல்லை' என்று வந்தது.

அந்த நிமிஷத்தை இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன், அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பிக்கு வாட்ஸாப்பில் கூப்பிட்டேன், போகவில்லை. கப்பலில் வைஃபை அளந்துதான் கொடுப்பார்கள், அவனுடைய பங்கை மாதம் பிறந்ததுமே படம் பார்த்துத் தீர்த்துவிடுவான் என்று தெரியும். தெரிந்தும் கூப்பிட்டேன், விட்டு விட்டுக் கூப்பிட்டேன். அவனைக் கப்பலுக்கு அனுப்பிய மும்பை ஏஜெண்ட் ஆபீஸுக்குப் போன் போட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் யார் எடுப்பார்கள்? மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அய்யா என்னைத் திட்டியிருந்தாலாவது தேவலை. 'கண்ணு முன்னாடிதான் இருப்பான்' என்று நான் சொன்னது என் காதுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அன்று வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை.

விடிந்ததும் சித்தப்பா ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாழைத்தார் ஏற்றுகிற சின்ன லோடு வண்டிதான், பின்னால் பாய் விரித்து உட்கார்ந்தோம். "கடல்ல நடந்ததுக்குக் கடல் போலீசுலதான் சொல்லணும்" என்றார். அது நியாயமாகத்தான் பட்டது.

பாம்பன் போகிற வழியில் ஒரு கடலோரக் காவல் நிலையம். வாசல் பலகையில் 'காவல்' என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் அம்மா உள்ளே வர மறுத்து வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே இருந்த காவலர் நல்ல மனிதர். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே நாற்காலி போட்டார்.

"படகு நம்பர் சொல்லுங்க."

"படகு இல்ல சார், கப்பல்" என்றேன்.

"சரி, எந்தப் பக்கம் போச்சு? கச்சத்தீவு பக்கமா?"

"செங்கடல் பக்கம் சார்."

அவர் பேனாவை மெதுவாக மூடினார். "அது நம்ம லிமிட்ல வராதேம்மா" என்றார். சொல்லும்போது அவருக்கே வருத்தமாக இருந்திருக்க வேண்டும். தண்ணீர் கொடுத்து, நாளைக்கு ஆபீஸ் திறந்ததும் கம்பெனியில் கேளுங்கள், அதுவரைக்கும் பயப்படாதீர்கள் என்று தைரியம் சொல்லி அனுப்பினார்.

அதோடு வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். வண்டியில் ஏறியதும் அய்யா கேட்டார்: "இப்பவாச்சும் காட்டுதா?"

"சிக்னல் வரலய்யா" என்றேன். கப்பலிலிருந்து வரவில்லை என்ற அர்த்தத்தில்.

அய்யா புரிந்துகொண்டது வேறு. எங்கள் ஊரில் சிக்னல் வரவில்லை என்றால் போனை எடுத்துக்கொண்டு வெட்டவெளிக்குப் போவோம், கண்மாய்க் கரையில் ஏறி நிற்போம். அவர் சுற்றிலும் பார்த்தார். தென்னை, கட்டடம், கரண்டு கம்பம். "மரம் மட்டை எதுவும் மறைக்காத எடமாப் போவோம்" என்றார். சித்தப்பா உடனே, "அப்ப தனுஷ்கோடிதாண்ணே. அதுக்கப்பறம் மறைக்கிறதுக்கு ஒண்ணுமே கெடையாது" என்றார். படித்த பெண்ணாகிய நான் அப்போது என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்ன சொன்னேன்? "வெரசாப் போங்க" என்று டிரைவரிடம் சொன்னேன். பயம் வந்தால் பட்டம் எல்லாம் காற்றில் போகும்.

தனுஷ்கோடியைத் தாண்டி ரோடு முடிகிற அரிச்சல்முனைக்கு வந்தபோது உச்சி வெயில். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஒரு பக்கம் மாங்காயில் மிளகாய்த்தூள் தடவி விற்கிறார்கள், இன்னொரு பக்கம் புதுமணத் தம்பதி கடலுக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். நடுவில் எங்கள் குடும்பம் லோடு வண்டியிலிருந்து குதித்து இறங்கியது. அய்யா என் போனை வாங்கி, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தார். காற்று வேட்டியை அடித்துக்கொண்டு போகிறது, அதைப் பிடிக்க ஒரு கை, போனுக்கு ஒரு கை. எனக்கு அழுகையும் வெட்கமும் ஒன்றாக வந்தது. அழுகைதான் கொஞ்சம் கூடுதல்.

'டிங்' என்று ஒரு சத்தம்.

"வந்துருச்சு! வந்துருச்சு!" என்று அய்யா ஓடி வந்தார். பிடுங்கிப் பார்த்தேன். மெசேஜ் இங்கிலீஷில் இருந்தது. நான் வாசித்ததை அப்படியே தமிழில் சொன்னேன். (நேற்றுப் பட்டும் புத்தி வரவில்லை.)

"இலங்கைக்கு உங்களை வரவேற்கிறோம்னு வந்துருக்கு."

இலங்கைக் கரை அங்கிருந்து பக்கம்தான், அந்த நாட்டு டவர் நம் போனைப் பிடித்துக்கொள்வது அங்கே தினமும் நடக்கிற விஷயம். எங்களுக்கு அது தெரியாது. சித்தப்பா கடலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், காலுக்குக் கீழே மணலைப் பார்த்தார்.

"எல்லையத் தாண்டிட்டமாடா!" என்று கத்திவிட்டு வண்டியைப் பார்த்து ஓட ஆரம்பித்தார். அம்மா, "அங்கன ஒருத்தன், இங்கன நாம பூராவும்" என்று மணலில் உட்கார்ந்து ஓலமிட்டாள். மாங்காய் தின்றுகொண்டிருந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது.

அந்த அழுகையைக் கேட்டதும் எனக்குள் என்னமோ அறுந்துபோனது. போன், சாட்டிலைட், ஏஜெண்ட், போலீஸ் என்று மனுஷர் கையில் இருந்த எல்லாம் தீர்ந்துவிட்டது. குலதெய்வம் முனியய்யா ஒருவர்தான் பாக்கி. கடலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். மனதுக்குள் வேண்டியிருக்கலாம். முனியய்யா கோயில் எங்கள் ஊர் எல்லையில், அவ்வளவு தூரம் கேட்க வேண்டுமே என்று வாய்விட்டுக் கத்தினேன்:

"முனியய்யா! அந்தத் துப்பாக்கிக்காரனுகளக் கப்பல விட்டு எறக்கி விட்டுரு! என் முடியப் பூராவும் உனக்குத் தந்துர்றேன்!"

என் முடியைப் பற்றி நானே சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன். பின்னிவிட்டால் இடுப்புக்குக் கீழே இறங்கும். பரமக்குடியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவர். பெண் பார்க்க வந்த அவருடைய அம்மா என் படிப்பைக் கேட்கவில்லை, சம்பளத்தைக் கேட்கவில்லை, "திரும்பி நில்லுத்தா" என்று சொல்லிச் சடையைப் பார்த்துத்தான் பூ வைத்தார். கல்யாணத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை. அந்த நேரத்தில் அதெல்லாம் நினைவுக்கே வரவில்லை. வந்திருந்தாலும் தம்பிதான் பெரிதாகத் தெரிந்திருப்பான், அது சத்தியம்.

திரும்பி வருகிறோம். பாம்பன் பாலத்தின் மேல் ரயில் பாலத்தை வேடிக்கை பார்க்கிற வண்டிகளால் நெரிசல். எங்கள் குட்டியானையும் நின்றது. போன் அடித்தது. தம்பி!

"என்னக்கா, இத்தன மிஸ்டு கால்? யாருக்கும் மேலுக்கு முடியலயா?" கூட வேலை பார்ப்பவனிடம் வைஃபையைக் கடன் வாங்கிக் கூப்பிட்டிருக்கிறான்.

அம்மா போனைப் பிடுங்கினாள். "சாமி, உசுரோட இருக்கியா? அடிச்சாய்ங்களா?"

"யாரும்மா அடிச்சது?"

ஸ்பீக்கரைப் போட்டேன். "துப்பாக்கிக்காரங்கடா! கப்பல்ல ஏறுனவங்க!"

"அவங்களா?" தம்பி சிரித்தான். "அவங்க நம்ம ஆளுகக்கா. கொள்ளைக்காரங்க வர்ற எடம்னு கம்பெனியே காசு குடுத்து ஏத்துற காவல். போகும் எடத்துல ஊர் பேருக்குப் பதிலா அத எங்க ஆபீசர்தான் தட்டி விடுவாரு. கள்ளனும் போன்ல இதே ஆப்பத்தான பாப்பான், பாத்துப் பயப்படட்டும்னு. அப்பறம் கப்பல் இருக்குற எடத்தக் காட்டுற கருவியவே அமத்திட்டோம். நீ கட்டுன சந்தாவுக்குச் சேதி பிந்தித்தான் வரும், பழசப் பாத்துருப்ப."

கள்ளன் பயந்தானோ இல்லையோ, சாயல்குடிக்கு வடக்கே ஒரு குடும்பம் பயந்துவிட்டது. பாலத்தின் மேலேயே அய்யா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். நான் அழுதேன், சிரித்தேன், பாலத்தில் விற்றுக்கொண்டு வந்தவனிடம் மாங்காய் வாங்கி டிரைவருக்குக் கொடுத்தேன். அந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அதற்குப் பிறகு தம்பி, போகிற போக்கில், ஒரு வார்த்தை சொன்னான்.

"இன்னைக்கு மத்தியானம்தான் அவங்க எல்லாரும் எறங்கிப் போனாங்க. நல்ல பயலுகக்கா."

ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. எல்லோர் பார்வையும் என் சடையில் வந்து நின்றது.

வீடு வரும் வரைக்கும் வாதாடினேன். அவர்கள் கொள்ளைக்காரர்களே இல்லை, ஆகவே இது தப்பான வேண்டுதல், செல்லாது என்றேன். அய்யா அமைதியாகக் கேட்டார்: "நீ சாமிகிட்ட என்ன கேட்ட? கொள்ளக்காரனையா எறக்கச் சொன்ன?"

"இல்ல... துப்பாக்கிக்காரன."

"அவுக கையில துப்பாக்கி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எறங்கிட்டாகளா?"

"எறங்கிட்டாக."

"பெறகென்னத்தா. சாமி நீ சொன்னதச் செஞ்சிருச்சு."

பூமுடி கொடுத்துவிடலாமே, அதாவது பெண்கள் மொட்டை போடாமல் நுனியில் கொஞ்சம் நறுக்கிக் காணிக்கை போடுவார்களே, அப்படி முடித்துக்கொள்ளலாமே என்று அம்மா மெல்ல ஆரம்பித்தாள். சித்தப்பா விடவில்லை. "இவ 'பூராவும்'னு சொன்னா மதினி. நானே கேட்டேன். மாங்கா விக்கிறவனும் கேட்டான்" என்றார். (வண்டியை நோக்கி ஓடிக்கொண்டிருந்த மனிதருக்கு இது மட்டும் எப்படிக் காதில் விழுந்தது என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை.)

மாப்பிள்ளைக்குப் போன் செய்ததுதான் அந்த இரண்டு நாளில் எனக்குக் கடைசிப் பயம். கல்யாணம் நின்றுபோகும் என்றே நினைத்தேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். எனக்கும் முன்மண்டையில கொட்டிக்கிட்டுத்தான் இருக்கு. நேர்ல பாத்தா தெரியாத மாதிரி சீவி வந்தேன். ரெண்டு பேரும் ஒண்ணா ஆரம்பிப்போம்" என்றார்.

முனியய்யா கோயிலில் மொட்டை போட்டார்கள். கல்யாணத்தன்று தலையில் ஒரு விரற்கடை முடி, அதன் மேல் சவுரி, அதன் மேல் பூ. ஆல்பத்தில் ஒவ்வொரு படத்திலும் நான் தலையில் தண்ணீர்க் குடம் வைத்திருப்பவள் மாதிரி விறைப்பாக நிற்கிறேன். தாலி கட்டும்போது குனிந்தால் சவுரி மடியில் விழுந்துவிடும் என்று பயம்.

கல்யாணத்துக்குத் தம்பி லீவில் வந்திருந்தான். பந்தி முடிந்து சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து இந்தக் கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். சித்தப்பா இலங்கையிலிருந்து தப்பி ஓடிவந்ததை நடித்தே காட்டினார். எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவன் தம்பி. "காவல்னா பாதுகாப்பும்மா! பாதுகாப்புக்குப் போயி மொட்டை போட்டுருக்கா எங்கக்கா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

பாத்திரம் கழுவி வந்த அம்மா ஈரக்கையோடு நின்று கேட்டாள்: "ஏலே, நம்ம களத்துல மிளகா காயிறப்ப காவல் போடுறோமே, எதுக்கு? களவு போகும்னுதான போடுறோம்? துப்பாக்கியோட காவல் போட்டாகன்னா அங்கன அம்புட்டுக் களவு இருக்குன்னுதான அர்த்தம்? எம்மக என்னத்தத் தப்பாச் சொல்லிப்புட்டா?"

தம்பியின் சிரிப்பு பாதியில் நின்றது. பாயின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டே இருந்தான். பிறகு, "கப்பலச் சுத்தி முள்ளுக்கம்பி கட்டியிருந்தோம்மா. ராத்திரி செருப்பக் கழத்தாமப் படுக்கச் சொல்லியிருந்தாக. பயந்துதான் கெடந்தேன்" என்றான். அய்யா எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அதன் பிறகு அவன் இரண்டு கப்பல் மாறிவிட்டான். ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் போவதற்கு முன்னால் எனக்குத்தான் முதல் போன். "அக்கா, காவல் ஏறப் போகுது. கருவிய அமத்திருவோம். நீ சாமிகிட்ட வாயத் தொறந்து எதுவும் பேசிறாத" என்பான். என் வீட்டுக்காரர் உடனே எழுந்து வந்து என் தலைக்குப் பின்னால் நின்று சடையின் நீளத்தைச் சாண் போட்டுப் பார்ப்பார். நான் வாயைத் திறப்பதில்லை. அம்புக்குறி சாம்பல் நிறமாகிற அன்றைக்கு, சத்தமில்லாமல் வேண்டிக்கொண்டால் கணக்கில் வருமா என்று சித்தப்பாவுக்கு மட்டும் போன் போட்டுக் கேட்பேன். "எனக்குக் கேட்டாத்தாண்டி கணக்கு" என்பார். அந்தத் தைரியத்தில், பச்சை நிறம் திரும்பி வரும் வரைக்கும், முடி பூராவையும் மனதுக்குள் கொடுத்துக்கொண்டே இருப்பேன்.